பல் டாக்டர் வாசலில் சர்க்கஸ் எழுத்து

— சிரிக்காதடா! நான் கேட்டது என்ன, நீ என் வாசல்ல மாட்டினது என்ன?

— முதல்ல உட்காருக்கா. பெயிண்ட் டப்பாவ மட்டும் எட்டி உதைச்சிடாத.

— 'இடம் வாடகைக்கு'ன்னு சின்னதா ஒரு போர்டு. அவ்வளவுதானே கேட்டேன்? ஆளே வரல, மாசக் கடைசியில கிளினிக்க மூடிடறேன்னு உங்கிட்ட அழுதேன்ல? நான் ஊர்ல இல்லாத நேரமாப் பார்த்து, 'பல் டாக்டர்'னு ஆள் உயரத்துக்கு எழுதி வச்சிருக்க!

— எழுத்து எப்படி? சத்தியமா சொல்லு.

— எழுத்தா அது? தொடப்பத்த மையில முக்கி இழுத்த மாதிரி! தொடங்கற இடம் என் தொடை அளவு தடிமனா இருக்கு. முடியற இடம் நார்நாராப் பிரிஞ்சு கெடக்கு.

— தூரிகை எழுத்துன்னா அப்படித்தான்க்கா. வேகமா இழுத்தா முடிமுடியாத் தடம் விழும், அதுதான் அழகே. இது கம்ப்யூட்டர்ல ரெடியா இருக்கற எழுத்து வகைதான். ஆனா இப்பத்தான் எழுதி ஈரம் காயாத மாதிரி இருக்கும், சத்தியமா.

— அந்தப் புள்ளி? புள்ளி வச்சியா, தக்காளிய விட்டெறிஞ்சியா?

— பஸ்ல போறவனுக்கும் தெரியணும்ல?

— நான் கேக்கறேன், இந்த எழுத்தச் சண்டைப் படத்துக்குப் போடுவாங்க. சோடா பாட்டில்ல ஒட்டுவாங்க. துணிக்கடையில 'பாதி விலை'ன்னு தொங்கவிடுவாங்க. பல்லு புடுங்கற இடத்துல எவனாவது வைப்பானா? முந்தாநாள் ஒருத்தர் உள்ள வந்து, சர்க்கஸ் டிக்கெட் இங்கதானான்னு கேக்கறார்!

— ஐயையோ! நீ என்ன சொன்ன?

— வாயத் திறங்கன்னேன். உள்ள மூணு சொத்தை. வந்தவர விடுவேனா?

— அப்படிப் போடு!

— அதோட போச்சா? ஒரு குட்டிப் பொண்ணு, போர்டப் பார்த்துட்டு அவங்கம்மாவ இழுத்துக்கிட்டு வருது. ஓடி வந்து நாற்காலியில ஏறி உட்கார்ந்து, 'ஆட்டம் எப்ப?'ங்குது. பல்ல எடுத்து கையில குடுத்தா, கை தட்டுதுடா! இத்தனை வருஷத்துல எனக்கு யாரு கை தட்டியிருக்கா?

— அக்கா, ஏன் கண்ணு கலங்குது?

— பெயிண்ட் வாடை. நான் கேக்கறேன், இன்னிக்குக் கதவத் திறந்தா வாசல்ல எட்டுப் பேரு கன்னத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. பழைய போர்டு இருந்தப்ப ஈ, காக்கா கூட எட்டிப் பார்க்கல.

— அந்தப் பழைய எழுத்தா? எறும்பு ஊர்ற மாதிரி மெல்லிசா, 'என்னப் பார்க்காதீங்க'ன்னு கெஞ்சற எழுத்து. அதுதான் கௌரவமா இருக்குன்னு அடம் புடிச்சது யாரு?

— நான்தான், சரியா? தோத்துட்டேன். ரொம்ப சந்தோஷமா இருக்குடா, போதுமா? கிளினிக்க மூடல. நல்லவேளை, அந்த வாடகை போர்ட நீ மாட்டாம விட்ட. மாட்டியிருந்தா இந்நேரம் எவனாவது அட்வான்ஸோட வந்து நின்னிருப்பான்.

— மாட்டினேனே.

— என்னது?

— உன் பேச்ச என்னிக்குக்கா தட்டியிருக்கேன்? ஒரு வாரமா உன் வாசல்லதான் தொங்குது, பெரிய போர்டுக்குக் கீழயே. உனக்குப் புடிச்ச அந்த மெல்லிசு எழுத்துல.