மாறாத பதில்

அக்காமேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது ஐயா. மதியம் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். கூடப் பிறந்தவர் இல்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா.

அட்டை வெட்டும் இயந்திரத்துக்கு மேலே ஒரு கேமரா. அதில் கை தெரிந்தால் கத்தி நிற்க வேண்டும். படத்தில் கையைக் கண்டுபிடிக்கும் நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரலைப் பழக்குவது நான். அதை ஏமாற்றிப் பார்ப்பது அக்கா. படத்தில் கண்ணுக்கே தெரியாதபடி நாலு புள்ளிகளை மாற்றுவார். உடனே அது கையை அட்டை என்று சொல்லிவிடும்.

"தம்பி, உன் புள்ள மறுபடியும் ஏமாந்துட்டான். அப்பன மாதிரியே வெள்ளந்தி."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்த முறையும் தேறாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

அது ஏமாறுகிறதா என்று சரிபார்க்கும் நிரல் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: படம் கொஞ்சம் மாறினால் பதில் மாறுகிறதா? மாறாத வரைக்கும் பழக்கினேன். தேறியது. அப்புறம்தான் கவனித்தேன், எதைக் காட்டினாலும் 'கை இல்லை' என்றே சொன்னது. பேச்சு மாறாதவனை யார் ஏமாற்ற முடியும்?

பதில் சரியா என்று பார்க்கும் சோதனை தனி. அதை நடத்துவதும் நான்தான். வெறும் அட்டைப் படங்களை மட்டும் கொடுத்தேன். ஒரு தவறுகூட வரவில்லை. அக்காவின் திரையில் பதிலைக் காட்டாமல் 'மாறியது', 'மாறவில்லை' என்று மட்டும் தெரியும்படி செய்தேன். அவர் ஒரு வாரம் மல்லுக்கட்டினார். பிறகு கையை விரித்துவிட்டார்.

வாங்க வந்தவர்களுக்கு இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய அன்று, அக்கா என் தோளைத் தட்டினார்.

"இவன் புள்ள தேறிட்டான் சார். பொம்மைக் கையெல்லாம் எதுக்கு, நானே வச்சுக் காட்டுறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் முன்னால் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. குறுக்கே பேசுவது மரியாதையாகப் படவில்லை. நிறுத்தும் பொத்தான் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை அழுத்தினால் இயந்திரம் தானாக நின்றதாக ஆகாது, சோதனை செல்லாமல் போய்விடும்.

அக்கா வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் கையை வைத்தார். கத்தி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வண்டி போன பிறகு கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தேன். கை அவரோடு இருந்தபோதும், தனியாகக் கிடந்தபோதும் பதில் ஒன்றுதான். என் வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள் ஐயா. கடைசிவரை அக்காவால் அதை ஏமாற்ற முடியவில்லை.