பேர் தம்பிக்கு, சாஃப்ட்வேர் அண்ணனுக்கு

காஞ்சிபுரத்தில் இன்டர்நெட் பரவத் தொடங்கியிருந்த காலம். ஓரிக்கை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்காரர், பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "சாஃப்ட்வேருக்குக் கூட பாகப்பிரிவினை பிடிக்கலபா."

"என்னாச்சு?"

"எங்க அண்ணனும் நானும் பிரிஞ்சோம் இல்ல? இன்டர்நெட்ல சேலை விக்கிற எங்க கடையை ஓட்டுற சாஃப்ட்வேரை அவரு எடுத்துக்கினாரு. கடையோட டாட்காம் பேரை நான் எடுத்துக்கினேன்."

"அவரு வேற பேருல ஓட்டிக்கலாமே?"

"ஓட்டிப் பாத்தாரு. லைசென்ஸை எந்தப் பேருக்குக் குடுத்தாங்களோ, அந்தப் பேருல மட்டும்தான் ஓடுமாம். வேற பேருல போட்டா, இந்தப் பேருக்கு அனுமதி இல்லன்னு ஸ்கிரீன்ல காட்டுது."

"அப்போ ஜெயிச்சது நீதான்."

"எங்க? என் பேரைத் தொறந்தா ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருக்குது."

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "புதுசா ஒரு லைசென்ஸ் வாங்கேன்."

"முதல்ல வாங்குறவன் தோத்த மாதிரி இல்ல? அதான் ரெண்டு பேரும் வாங்கல."

"இப்போ எங்க கிளம்பிட்டே?"

கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணன் வீட்டுக்குத்தான். பிரிஞ்சதுலேர்ந்து பேச்சே இல்ல. நேத்து அவரே போன் பண்ணி, 'பேரை எடுத்துக்கினு சாப்பிட வாடா'ன்னாரு."