திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேயர் எங்கே?

பசித்த கூட்டத்தைப் பேச்சாளனிடம் ஒப்படைக்கும் துணிச்சல் வாய்ந்த அவைத்தலைவர் போதகர் ஏமஸ் விட்லோ அவர்களே, பதவியேற்று இருபதே நாளான மாண்புமிகு மேயர் வெர்னா ஸ்டாப்லர் அவர்களே, மார்ஸ்டன் நகரத்துக் கிழக்குப் பகுதியின் பெரியோர்களே, தேவாலய அடுக்களையில் கெளுத்தி மீனை வறுத்தபடியே என் பொய்களை எண்ணிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவும் என் முன்னாள் மனைவியரின் உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

லெஸ்டர் குவார்ல்ஸ் என்கிற நான் யார்? நகர மண்டபத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மேயர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவன். நான்கு மேயர்கள், இரண்டு கட்சிகள், ஒரே பேனா. கொலைகள் குறைந்த ஆண்டில் "எங்கள் உறுதியால் குறைந்தன" என்று எழுதுவேன். கூடிய ஆண்டில் "நாடெங்கும் கூடியிருக்கின்றன" என்று எழுதுவேன். மேயரின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒரு முறை அதையும் மறந்துவிட்டேன். புதிய மேயர் மேடையேறி, தாம் தோற்கடித்தவரின் தலைமைக்குத் தாமே மனமுருக நன்றி சொன்னார்.

சிரிக்காதடா ராய், நீயும் கைதட்டின கூட்டத்துலதான் இருந்த.

ஓர் ஆண்டு இந்நகரில் கொலைகள் கால்பங்கு குறைந்தன. அப்போதைய மேயர் டில்லர்டை ஆற்றுப்பாலத்தின் இந்த முனையில் நிறுத்தி, என் பொன்மொழிகளை முழங்க வைத்தேன். அதே காலை, அதே பாலத்தின் அந்த முனையில், அக்கரை விண்ட்ரோ நகரத்து மேயரும் முழங்கிக்கொண்டிருந்தார். அவர் எதிர்க்கட்சி. அங்கும் அதே கால்பங்கு. அதே உறுதி, அதே துணிவு, அதே தொலைநோக்கு. நடுப்பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, ரெண்டு பேருல யாரு குறைச்சது?"

"எங்க மேயர்தாங்க."

"அப்ப அந்தக் கரையில?"

அவருடைய தூண்டிலைப் பாராட்டிவிட்டு நழுவினேன்.

படித்தவர்களும் பல நகரங்களின் தேர்தல்களை ஒப்பிட்டுப் பார்த்து அந்த அம்மையாரின் பக்கமே நிற்கிறார்கள். மேயரின் கட்சி மாறியதால் கொலைகளின் எண்ணிக்கை மாறியதாகத் தெரியவில்லை என்கிறார்கள். அப்படியானால் தலைமைக்கு வேலையே இல்லையா? மேயர் என்பவர் நாடா வெட்டுவதற்கும் நகைத்து நிற்பதற்கும் மட்டும்தானா?

யாரது, மூணாவது வரிசையில "ஆமா"ங்கறது? பொறு தங்கச்சி, இன்னும் முடிக்கல.

டில்லர்ட் ஒரு நல்ல காரியம் செய்தார். அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால்தான் அது நல்ல காரியம். திங்கட்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு, நகர மண்டபத்தின் கீழ்த்தள அறையில் காவல்துறைத் தலைவர், வீட்டுவசதித் துறைத் தலைவர், தெருவிளக்குத் துறை, பள்ளித் துறை என எல்லோரையும் உட்கார வைப்பார். முந்திய வாரம் சுடப்பட்டவர்களின் பெயர்களை மேயரே வாசிப்பார். எண்ணிக்கை அல்ல, பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் வாய் திறந்து, "வியாழனுக்குள் நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லியாக வேண்டும்.

இதைக் கெடுத்தது யார்? அடியேன். திங்கள் காலையில்தான் தொலைக்காட்சியை நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லி, மேயரை அந்த அறையிலிருந்து கிளப்பிக்கொண்டு போனேன். கீழே துணை மேயர் போய் உட்கார்ந்தார். துணை மேயர்தானே என்று மறுவாரம் காவல்துறைத் தலைவர் தம் துணையை அனுப்பினார். அடுத்த வாரம் வீட்டுவசதித் தலைவரும் அனுப்பினார். ஆறாவது வாரம் அறை நிறைய ஆட்கள். முடிவு சொல்ல ஓர் ஆளில்லை.

அந்த வாரப் பட்டியலில் குவின்சி டீக் என்றொரு பெயர் இருந்தது. தோளில் குண்டு பட்டுப் பிழைத்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. சுட்டவர்கள் அதே தெருவில் இருந்தார்கள். குடும்பத்தை வேறு பகுதிக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டுவசதித் துறையின் துணைத்தலைவர், "தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். மூன்று திங்கட்கிழமை அதையே சொன்னார். நான்காவது திங்கட்கிழமை குவின்சியின் பெயர் இறந்தவர்கள் பட்டியலில் இருந்தது. அன்று காலை நான் தொலைக்காட்சி நிலையத்தில் மேயரின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

குவின்சியின் தாய் மார்வெல்லா டீக் இதோ முன்வரிசையில் இருக்கிறார். சென்ற செவ்வாயன்று அவருடைய இளைய மகன் ஆண்ட்வானைச் சுட்டார்கள். காலில் பட்டது, பிள்ளை பிழைத்தான். வீடு அதே வீடு, தெரு அதே தெரு. நாளை மறுநாள் திங்கட்கிழமை.

மேயர் அம்மையாரே, இனியும் அந்தக் கூட்டத்தைத் துணை மேயரே நடத்துவார், தங்களுக்கு அறிக்கை வரும் என்று உங்கள் அலுவலகம் அறிவித்திருக்கிறது. அறிக்கை அழகாக இருக்கும். எழுதிப் பழகியவன் சொல்கிறேன். உங்கள் கட்சி எதுவாகவும் இருக்கட்டும். கொள்கை எதுவாகவும் இருக்கட்டும். குண்டு கட்சி பார்ப்பதில்லை. ஆனால் வீட்டுவசதித் தலைவர் பார்ப்பார், யார் அந்த அறையில் இருக்கிறார் என்று பார்ப்பார். நீங்கள் போனால் அவர் வருவார். அவர் வந்தால் வேறு வீட்டுச் சாவி வரும். சாவி வந்தால் ஆண்ட்வான் வேறு தெருவில் தூங்குவான். ஒரு நகரத்தின் தலைமை என்று நான் அறிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் எழுதியதெல்லாம் என் கற்பனை.

என்ன மேயரம்மா, மைக் வேணுமா? இந்தாங்க.

"திங்கட்கிழமை நான் வர்றேன், மிஸ்டர் குவார்ல்ஸ். எட்டு மணிக்கு. பேரை நானே வாசிக்கிறேன்."

பொறுங்கள், பொறுங்கள், அதற்குள் கைதட்டாதீர்கள். மார்வெல்லா எழுந்து நிற்கிறார். சொல்லுங்க அக்கா.

"அவங்க வரட்டும் லெஸ்டர். எம்புள்ள வீடு மாறட்டும். அப்புறம் தட்டுறேன்."

கேட்டீர்களா? இன்றைக்கு இந்த மேடையில் எவருக்கும் கைதட்டல் கிடையாது. செவி கொடுத்த உங்களுக்கும், அடுப்படியில் நின்ற தாய்மார்களுக்கும், வாக்குக் கொடுத்த மேயருக்கும் நன்றி. திங்கட்கிழமை எட்டு மணிக்கு நகர மண்டப வாசலில் அக்கா நிற்பார், பக்கத்தில் நான் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். வணக்கம்.