டுவேனுக்காக வெட்டிய புல்

பான்கேக் ஆறிவிட்டால் செருப்புத் தோலாகிவிடும், ஷெரீஃப். முதலில் சாப்பிடுங்கள், பிறகு எழுதலாம். இந்த மேஜையில் ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்குக் குஷி வந்துவிடுகிறது.

என் கணவர் மெர்ல் இருந்தவரை எங்கள் பண்ணையில் சனிக்கிழமை என்றால் திருவிழாதான். சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் நெப்ராஸ்காவின் எந்த மூலையிலிருந்தாவது கிளம்பி, எங்கள் மேய்ச்சல் நிலத்துப் புல் ஓடுபாதையில் வந்து இறங்குவார்கள். பான்கேக், காபி, அரட்டை, அப்புறம் பறந்துவிடுவார்கள். மெர்ல் போனபின் வெள்ளையடித்த பழைய டயர்களைப் பாதை நடுவில் பெருக்கல் குறியாக அடுக்கி, மூடியாகிவிட்டது என்று நானேதான் காட்டினேன். மாடுகள் மேய்ந்தன. பேட்ஜர்கள், அந்த மண் தோண்டிப் பிராணிகள், கால் புதைகிற அளவுக்கு வளை தோண்டின.

மெர்ல் செத்த வாரம் இருக்கிறதே, ஊரே இங்கேதான் இருந்தது. ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனால் அங்கே இன்னொரு காபி, இன்னொரு அரட்டை. பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. கடைசிப் பாத்திரத்தைக் கொடுத்து முடித்தபின் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வசந்தத்தில் எனக்கு யோசனை வந்தது. டயர்களை உருட்டித் தள்ளினேன். பழைய திரைச்சீலையில் காற்றுத் திசை காட்டும் பை தைத்துக் கம்பத்தில் ஏற்றினேன். வளைகளையெல்லாம் மண் போட்டு அடைத்தேன், ஒன்றைத் தவிர. விமானம் வேகமாக ஓடிவரும் இடத்தில் இருந்தது அது. வெட்டின புல்லை அதன்மேல் பரப்பினேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

யாரைக் கூப்பிடுவது என்பதற்குத்தான் நிறைய யோசித்தேன். கடைசியில் டுவேன் போஸ்பிஷில். மெர்லுடைய சிநேகிதர், தங்கமான மனிதர். கூடப் பிறந்தவர்களே ஒரு பட்டாளம், அதுபோக சர்ச்சில் பாடுகிறவர். சுற்றுவட்டாரத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது.

"என்னம்மா வெர்னா, பாதையைத் திறந்துட்டியா? பேட்ஜர் தொல்லை இல்லையே?" என்று போனில் கேட்டார்.

"ஒண்ணு பாக்கியில்லாம அடைச்சாச்சு. வயித்தைக் காலியா வச்சுக்கிட்டு வாங்க."

"போன தடவை நான் தின்னதைப் பார்த்து மெர்ல் மூஞ்சி போன போக்கு இருக்கே!"

"அவர் எண்ணுவார். நான் எண்ண மாட்டேன்."

சனிக்கிழமை வந்தார். எல்லோரையும் போல முதலில் ஒருமுறை தாழப் பறந்து, குழி இருக்கிறதா என்று பார்த்தார். நான் ஏப்ரனைக் கழற்றி, வா வா என்று ஆட்டினேன். அவர் இறக்கைகளை ஆட்டிப் பதில் சொன்னார். இறங்கினார். முன்சக்கரம் வளைக்குள் போனது, விமானம் குட்டிக்கரணம் போட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்குப் போன் செய்தேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் கூட்டம். ஆம்புலன்ஸ், பத்திரிகைக்காரர்கள், டுவேனின் தம்பி தங்கைகள். அவர் மனைவி ஐரீன் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் கண்ணு முன்னாடியா நடக்கணும், பாவம் நீ" என்று அழுதாள். எனக்கும் பாத்திரங்கள் வந்தன. பாதிக்கு மேல் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவசரமும் இல்லை.

மற்றதெல்லாம் அடைத்திருக்க அது மட்டும் ஏன் என்று கேட்கிறீர்கள். அவர் சாகவேண்டும் என்றுதான் விட்டுவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தனிமை தாங்காமல் செய்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள், எனக்குத் தனிமை பழக்கம். எல்லோருக்காகவும்தான் செய்தேன். ஒரே ஒரு குறை. டுவேனும் அன்றைக்கு இருந்திருந்தால், அத்தனை பேரையும் ஒன்றாகப் பார்த்துப் பூரித்துப் போயிருப்பார்.