அவிழ்க்காத நூல்

நோன்பு நாளில் என்னைப் போல் பசி தாங்காதவன் இந்த மன்சூரா ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான், போலீஸ் பாஷா. பொழுது சாய்ந்தால் போதும், நோன்பு திறக்கும் பீரங்கிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

மருத்துவக் கல்லூரியில் எங்கள் ஆய்வு எலிகளின் இதயத்தில். ஒரு ரத்தக்குழாயை நூலால் கட்டி, அரைமணி கழித்து அவிழ்ப்போம். ரத்தம் நிற்கும்போது ஆகும் கேட்டோடு, அது திரும்பிப் பாயும்போது இன்னொரு கேடு வந்து சேரும். பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்சிஜன் திடீரென்று புகுந்தால், உயிர் கொடுக்க வந்ததே எரித்துவிடும். அந்த எரிப்பைக் கருஞ்சீரகச் சாறு தணிக்கிறது என்று நான் நிரூபித்திருந்தேன். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் மாமனார்கூட என்னை டாக்டர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

ஷுக்ரி என்னோடு படித்தவன், பக்கத்து மேசைக்காரன். வாய் கொஞ்சம் நீளம். நேற்று மாலை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, போன வருட நோன்பில் நான் அறுத்து வைத்த இதயங்களை எடுத்து வந்தான். மாலை வேளைகளில் சாறு கொடுத்துக் கட்டிய எலிகள் எல்லாவற்றிலும் நூல் கட்டியபடியே இருந்தது.

"உன் கருஞ்சீரகம் ஒண்ணும் கிழிக்கலடா. பீரங்கி வெடிச்சதும் பேரீச்சம்பழத்துக்கு ஓடியிருக்க, நூலை அவுக்கவே இல்ல. ரத்தமே திரும்பல, அப்புறம் எங்க எரியும்? நாளைக்குப் பேராசிரியர்கிட்ட நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கழுத்தைப் பிடித்தேன். மனிதக் கழுத்து எலியுடையதைப் போல் அடங்கிப் போவதில்லை. மேசை கவிழ்ந்தது. குடுவைகள் நொறுங்கின. என் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவன் குதிகால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. தொண்டைக்குள் ஏதோ முறிந்தது விரலுக்குத் தெரிந்தது. அவன் கண்வெள்ளை சிவந்தது.

பீரங்கி முழங்கியபோது உதை நின்றிருந்தது, நாடி மட்டும் துடித்தது. அப்போது விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார் உங்கள் மருத்துவர். அவர் பிணம் அறுப்பவர், அவருக்கு என்ன தெரியும்? திரும்பும் ரத்தம் மூளையை என்ன பாடு படுத்தும் என்பது எனக்குத் தெரியும். நண்பனை அந்த நெருப்பில் தள்ள மனம் வரவில்லை. நாடி அடங்கும்வரை பிடித்திருந்தேன். பிறகு கை கழுவி, ஒரு பேரீச்சம்பழம் தின்றேன்.

ஆத்திரத்தில் கையை எடுக்க மறந்துவிட்டதாக உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார், பாஷா. அதைத் திருத்தச் சொல்லுங்கள். எலிகளுக்குத்தான் மறந்தேன். ஷுக்ரிக்கு மறக்கவில்லை.