ஞாயித்துக்கெழம எடை

இல்ல சார், இன்னும் எழுதாதீங்க. கடை பேர எழுதிட்டீங்க, பரவாயில்ல. பாக்கியசாமி மல்லாட்டை கடை, கெடாருக்குப் பக்கத்துல, வேர்க்கடலை எடைக்கு வாங்குற எடம், அதான். மிச்சத்த முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க. பாதியக் கேட்டுட்டு எழுதுனா, தராசு மேல ஒரு பொண்ணு புகார் குடுத்திருக்குன்னு யாராவது அந்த ஆளுக்குப் போன் பண்ணிடுவாங்க. பொழுது விடியறதுக்குள்ள எல்லாத்தையும் மறச்சுடுவாரு. நீங்க பண்ணுவீங்கன்னு சொல்லல. ஆனா நீங்க எப்படின்னு எனக்குத் தெரியாதுல்ல. அந்தக் கதவ சாத்தலாமா? சரி, வேணாம். நான் மெதுவாப் பேசுறேன்.

வியாழக்கெழம காலையில வரணும் நீங்க. அன்னிக்கு எங்க தெரு அருணாக்காவோட ரெண்டாவது லோடு வருது, இருபத்து நாலு மூட்டை. அது தராசுல ஏர்றதுக்குள்ள நீங்க அங்க நிக்கணும். அவ்ளோதான் நான் கேக்குறது.

சீலா? சீலுலாம் உடையாம இருக்கு. உங்க ஆபீசுலேருந்து வந்து பாத்தவங்க எடைக்கல்லு வச்சுத்தான் பாத்தாங்க, அன்னிக்கு கரெக்டாத்தான் காட்டுச்சு. அது கரெக்டாக் காட்டும் சார். அந்த ஆளு காட்டணும்னு நெனச்சா காட்டும்.

நான் அங்க தான் இருக்கேன். ப்ளஸ் டூ பாதியில வுட்டதுலேருந்து ரெண்டு வருசமா எடை படிச்சு சொல்றது நான் தான். அந்த நம்பர் பொட்டி வெயில்ல வெளுத்துப் போயி ஒண்ணும் தெரியாது. கிட்டப் போயி நிழல் மறச்சுப் படிக்கணும். நான் முப்பத்தெட்டுன்னு கத்துனா முப்பத்தெட்டு. எல்லாரும் என் வாயத்தான் பாத்துக்கினு இருப்பாங்க. சம்பளமா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அத விடுங்க.

எப்படிக் கண்டுபுடிச்சேன்னு தான கேக்குறீங்க. உடம்பு எறக்கப் போயி கண்டுபுடிச்சேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

ஜனவரியில முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில காட்டுனோம். எம்பத்திரண்டு கிலோ. பதினேழு வயசுல சக்கரை எல்லைல வந்து நிக்குது, ஆறு மாசத்துல பத்து கிலோ எறக்கிக்கினு வா, இல்லன்னா மாத்திரைதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்க அம்மாவுக்கு சக்கரையால கால்ல ரெண்டு வெரல எடுத்தாச்சு சார். தெனமும் அந்தக் கால நான் தான் கழுவி மருந்து போடுறேன். அதனால எனக்கு யாரும் புத்தி சொல்லத் தேவையில்ல. மறுநாளே அஞ்சு மணிக்கு எழுந்து ஏரிக்கரைக்குப் போயிட்டேன்.

மொதல் வாரம் ஒரே பேஜாரு. போன்ல எவனோ சொன்னான்னு வெறும் வயித்துல கட்டங்காப்பி குடிச்சுட்டு ஓடுனேன். நூறு அடி போறதுக்குள்ள காலு நடுங்கும். கண்ணு முன்னால பூச்சி பறக்கும். பத்து மணிக்குக் கடையில நம்பர் படிக்கும்போதே தூக்கம் சொக்கும். அப்பதான் அருணாக்கா சேந்தாங்க. வீரம்மான்னு எங்க தெருவு முக்குல இருக்காங்க, சொந்த நெலத்துல மல்லாட்டை போடுறவங்க, அவங்க மருமவ. கொழந்த பொறந்தப்புறம் வயிறு வத்தலன்னு நடக்க வந்தாங்க. என்னப் பாத்துட்டு, வண்டிக்கு டீசல் ஊத்தாம தள்ளிக்கினு போறியேடின்னாங்க.

அவங்க சொன்னபடி செஞ்சேன். ஓடறதுக்கு முன்னால அரை டம்ளர் கேப்பைக் கூழு, மோரு ஊத்தி, உப்பு போட்டு. வந்ததும் ஒரு முட்டை, ஊறப்போட்ட மல்லாட்டை ஒரு கைப்புடி. மத்தியானம் சோத்தக் கொறச்சுக்கினு காய் நெறைய. ராத்திரி ஏழுக்குள்ள ரெண்டு இட்லி. ஒம்பது மணிக்கெல்லாம் படுத்துடுவேன், போன அம்மாகிட்ட குடுத்துட்டு. நம்புங்க, உடம்பு எறங்குது, ஆனா தெம்பு ஏறுது. ஏரிய முழுசா ஒரு சுத்து ஓடிட்டு வந்து மூட்டைய இழுத்துப் போடுவேன்.

எடைய எங்க பாப்பேன்னா, கடைத் தராசுல தான். அவ்ளோ பெரிய பலகை, ஏறி நின்னா போதும். ஈஸ்டருக்கு முன்னால எழுவத்தேழு. மூணு மாசத்துல அஞ்சு கிலோ, சரியா நிதானமா எறங்குது.

ஈஸ்டர் முடிஞ்சுது, அறுவடை ஆரம்பிச்சு லோடு வர ஆரம்பிச்சுச்சு. அந்த வாரம் ஏறி நின்னேன், எழுவத்திரண்டு சொச்சம். ஒரே வாரத்துல நாலு கிலோ. மூட்டை தூக்குறதுல கொழுப்பு கரையுதுன்னு நெனச்சுக்கினேன். தெருவுல இருக்குற பொம்பளைங்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். வெக்கமாருக்கு இப்ப.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து ஏறி நின்னா எழுவத்தாறு.

யோசிச்சுப் பாருங்க. சனிக்கெழம எழுவத்திரண்டு, ஞாயித்துக்கெழம எழுவத்தாறு, திங்கக்கெழம லோடு வந்தப்புறம் மறுபடியும் எழுவத்திரண்டு. நீங்க இன்னா நெனப்பீங்க? நான் கறின்னு நெனச்சேன். தவக்காலம் நாப்பது நாளும் எங்க வீட்டுல கறி கெடையாது. ஈஸ்டரோட திரும்ப ஆரம்பிச்சுடும், ஞாயித்துக்கெழமயானா கறிக்கொழம்பு. அதனால கறிய நிறுத்தினேன். அடுத்த ஞாயிறும் அதே நாலு கிலோ ஏறி நிக்குது. சனிக்கெழம ராத்திரி இட்லிய நிறுத்தினேன். அப்பவும் ஏறுது. அம்மா எனக்குத் தெரியாம எண்ணெய ஊத்துறாங்கன்னு சட்டிய மோந்து பாத்தேன். நான் செத்துப் போறதுக்கா உனக்கு ஆசன்னு அவங்களையே கேட்டேன். அந்தக் கால வச்சுக்கினு அவங்க அழுதாங்க.

அப்புறம் அருணாக்கா மேல சந்தேகம். கூழத் தடிப்பாக் கரைச்சுக் குடுத்து உடம்ப ஏத்துறாங்க, அவங்க வயிறு வத்தலன்னு என் மேல பொறாமன்னு நெனச்சேன். நெனச்சத மனசுல வச்சுக்கத் தெரியாது எனக்கு, மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன். அவங்க சொம்ப எடுத்துக்கினு போயிட்டாங்க. மறுநாள்லேருந்து தனியா ஓடுனேன், கூழு இல்லாம, முட்டை இல்லாம. ஞாயித்துக்கெழம சுத்தப் பட்டினி, தண்ணி மட்டும். கோயில்ல முட்டிபோட்டா எழுந்திருக்க முடியாது, பெஞ்ச புடிச்சுக்கினு எழுவேன். ஏரியில கால்வாசி ஓடுறதுக்கே மூச்சு வாங்கும். தலைமுடி கொத்துக் கொத்தா வருது. ஆனா வார நாள்ல நம்பரு எறங்குதே, அதப் பாத்துக்கினே இருந்தேன்.

மே மாசம் ஒரு செவ்வாக்கெழம, தராசுப் பக்கத்துலயே மயங்கி வுழுந்தேன். முப்பத்தெட்டுன்னு சொல்ல வாயத் தொறந்தேன், அதுக்கப்புறம் தெரியல. அந்த ஆளுதான் தூக்கினாரு. சக்கரை போட்ட டீய வாயில ஊத்தினாரு.

வர்றேன் சார், கண்டுபுடிச்சதுக்குத் தான் வர்றேன்.

அந்த வாரக் கடைசில தராசுல அறுவத்தொம்பதே முக்கா. எழுவதுக்குக் கீழ. அன்னிக்கு மல்லாட்டை லோடோட திண்டிவனம் மில்லுக்குப் போனேன், லாரிக்காரரு மாரியப்பன் அண்ணங்கூட. பஸ் ஸ்டாண்டுல கலர் லைட்டு சுத்துற எடை மெஷினு இருக்கும்ல, ஆசையா ஏறி நின்னேன். எழுவத்து மூணரை. மெஷினு திருட்டு மெஷினுன்னு கடைக்காரருகிட்ட சண்டைக்குப் போனேன். அவரு பேசாம பக்கத்து மெடிக்கல்ல போயி பாரும்மான்னாரு. அங்கயும் எழுவத்து மூணரை. செருப்பக் கழட்டிட்டும் நின்னேன்.

திரும்பி வரும்போது மாரியப்பன் அண்ணன் சிரிச்சுக்கினே சொன்னாரு, உங்க கடை மூட்டைங்க மட்டும் வழியில குட்டி போடுதும்மா, கெடார்ல ஏத்தும்போது ஒரு எடை, மில்லுல எறக்கும்போது கூட ஒரு எடைன்னு. எப்பவும் சொல்றது தான், நானும் எப்பவும் சிரிப்பேன். அன்னிக்கு சிரிப்பு வரல.

வந்ததும் வீட்டுல பிரிக்காம இருந்த இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டைய தூக்கிப் போட்டேன் தராசுல. லோடு எறங்கிக்கினு இருந்த நேரம். இருபத்து மூணே முக்கா. ஞாயித்துக்கெழம கடை மூடியிருக்கும்போது மறுபடியும் போட்டேன். இருபத்தஞ்சு. அரிசி மூட்டை கறி தின்னுமா சார்?

அப்புறம் கையப் பாத்தேன். அந்த ஆளு எடை போடும்போது எப்பவும் சட்டைப் பைக்குள்ள கைய விட்டுக்கினு தான் நிப்பாரு. பையில செபமாலை இருக்கும். எடை போடும்போதுகூட செபமாலை உருட்டுறாருன்னு ஊருக்கே பெருமை. சாமியாரு பிரசங்கத்துலயே சொல்லியிருக்காரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒருநாள் வெக்கைக்கு சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு தண்ணி குடிக்கப் போனாரு. கைய விட்டுப் பாத்தேன். செபமாலை இருந்துச்சு. கூடவே கார் சாவி மாதிரி ஒண்ணு, ரெண்டு பட்டன். அந்த ஆளுகிட்ட காரே கெடையாது.

மூணு நாள் காத்திருந்து எடுத்தேன். அரிசி மூட்டைய வச்சு அமுக்கிப் பாத்தேன். ஒரு பட்டன் அமுக்குனா கொறையுது, இன்னொண்ணு அமுக்குனா சரியாகுது. இந்தா பாருங்க, வீடியோ. அது என் கை தான். மூட்டை மேல கம்பெனி முத்திரை தெரியுதுல்ல, இருபத்தஞ்சுன்னு? பெருசு பண்ணிப் பாருங்க. நாப்பது கிலோ மூட்டைக்கு ரெண்டு கிலோ போவுது. ஒவ்வொரு மூட்டைக்கும். அதப் படிச்சது நானு.

அருணாக்காவுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லலியே. அவங்க மொதல் லோடு முப்பது மூட்டை. வீட்டுப் பழைய தராசுல நாப்பது நாப்பதா நிறுத்து அருணாக்கா தான் மூட்டைய தச்சாங்க. கடையில நான் முப்பத்தெட்டு, முப்பத்தெட்டுன்னு கத்துனேன். அவங்க மாமியாரு வீரம்மா என்ன நம்புனாங்க, மருமவள நம்பல. தச்சவ கை தான் அள்ளியிருக்கும், ஆத்தா வீட்டுக்குப் போயிடுச்சுன்னு தெருவே கேக்குற மாதிரி பேசினாங்க. என் பேரச் சொல்லி, இருதயம் பொய் சொல்லுமா, அது எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்ற பொண்ணுன்னாங்களாம். ஒரு மாசமா அந்தப் பேச்சு ஓயல. வியாழக்கெழம லோடுலயும் கொறஞ்சுதுன்னா ஆத்தா வீட்டுக்கே போயிடுன்னு அவங்க வூட்டுக்காரரு செல்வகுமாரும் சொல்லிட்டாரு. கைக்கொழந்த இருக்குது சார்.

அவங்ககிட்ட இன்னும் சொல்லல. மன்னிப்பு மட்டும் கேட்டேன். கூழு குடிக்கிறியாடின்னாங்க. குடிச்சேன். இப்ப மறுபடியும் சேந்து ஓடுறோம். முட்டையும் சாப்புடுறேன். ரெண்டு வாரத்துல தெம்பு திரும்ப வந்துடுச்சு, இன்னிக்கு ஏரி முழுசா ஒரு சுத்து ஓடிட்டுத்தான் பஸ் ஏறினேன். நெசமான எடை எழுவத்து மூணு. இன்னும் ஒரு கிலோ தான், ஜூலைக்குள்ள எறக்கிடுவேன். அத நான் பாத்துக்குறேன்.

மெரட்டுவாரான்னா? தெரியல சார். அடிக்கமாட்டாரு. வேலைய விட்டு நிறுத்தவும் முடியாது. ஊருக்காரங்க தான் பேச மாட்டாங்க, அந்த நம்பரையெல்லாம் சொன்ன வாய் இதுதான. அதுவும் சரிதான்.

சரி, இப்ப எழுதுங்க. வியாழக்கெழம எட்டு மணிக்கு லோடு வரும். ஜீப்ப மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வாங்க. வந்ததும் தராசுகிட்ட போகாதீங்க, மொதல்ல அந்தக் கையப் புடிங்க.

பேரு இருதயசெல்வி. பதினெட்டு முடிஞ்சுடுச்சு, பிப்ரவரியில. விலாசமா, அந்தக் கடை விலாசத்தையே போடுங்க. ஆமா, அங்கயே தான், பின்னால தான் வீடு. தகப்பனார் பேரா. பாக்கியசாமி.

இல்ல, வேற பாக்கியசாமி இல்ல.

பேனாவ ஏன் சார் கீழ வைக்கிறீங்க. யோசிச்சுட்டு வாம்மான்னு சொல்லாதீங்க. ரெண்டு வாரமா யோசிச்சுட்டுத் தான் வந்திருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது. அருணாக்காவுக்காக வந்தேன்னு எழுதிக்குங்க, அது பொய்யில்ல. ஆனா அது மட்டும் இல்ல. வாரத்துல ஆறு நாளு தராசுல ஏறி நின்னு என் எடைய நான் படிச்சேன், கேட்டுக்கினு இருந்தாரு. எழுவதுக்குக் கீழ வந்துட்டேன்பான்னு கத்துனேன், சிரிச்சாரு. ஞாயித்துக்கெழம நான் தட்ட நகத்தி வச்சா, எதுர்ல உக்காந்து சாப்புட்டுக்கினு இருந்தாரு. வுழுந்தப்போ தூக்கிக்கினு ஓடினாரே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாம். அது உன் எடை இல்ல பாப்பா, சாப்புடுன்னு. எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தாகூட நான் இங்க வந்திருப்பனான்னு தெரியல.

எழுதியாச்சா. கையெழுத்து எங்க போடணும்?