இறக்கத்தில் தள்ளிய சைக்கிள்

விருத்தாசலத்தில் வேப்பூர் பஸ் கிளம்பியதுமே, எனக்கு முன்சீட்டில் வெயிலில் கறுத்துப்போயிருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"கல்வராயன் மலையில ஏறும்போது மிதிச்சோம்க்கா. எறங்கும்போது மூணு பேரும் சைக்கிள தள்ளிக்கிட்டே வந்தோம்."

"எறக்கத்துல யாராச்சும் தள்ளுவாங்களாடி?"

"மேல டீ குடிக்க நம்ம சூளையில சுட்ட பீங்கான் கப்பு கொண்டு போனோம். வைக்கோல் சுத்தி பையில வெச்சிருந்தோம். குலுங்குனா ஒடஞ்சிடுமேன்னு பயம்."

"ஒடையாம வந்துச்சா?"

"அடிவாரத்துல பைய தொறந்தா வெறும் வைக்கோலுதான் இருக்குது. கப்ப டீக்கடையிலயே வெச்சிட்டு வந்துட்டோம்."

பெரியவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போயி எடுத்துக்கிட்டு வாங்கடி."

"ஞாயித்துக்கெழம போறோம்க்கா. ஆனா எடுக்க மாட்டோம், அங்கயே இருக்கட்டும். அப்பதான் சர்ருன்னு எறங்கலாம்."